வயதான பூனைக்குத் தோலுக்கடியில் சலைன் ஏற்றிய பிறகு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

புதூர் வெள்ளச்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை வெள்ளச்சிக்கு 15 வயது. நாட்டுப் பூனைதான், என் மாமனார் குட்டியாக எடுத்துவந்து வளர்த்தது. கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள், குடித்துக்கொண்டே இருக்கிறாள், மூத்திரமும் அதேபோல நிறைய, ஆனால் உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வருகிறது, தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. டாக்டரிடம் காட்டி ரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 4.1 வந்தது. சிறுநீரகம் பாதித்திருக்கிறது, மூன்றாம் நிலை என்றார். எடை 3.2 கிலோ. நேற்று சாயங்காலம் கிளினிக்கிலேயே தோள்பட்டைக்கு நடுவில் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி குத்தி ஆர்.எல் (ரிங்கர் லாக்டேட்) என்கிற சலைன் 120 மில்லி ஏற்றி அனுப்பினார்கள். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்ற வேண்டும், பழகிக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம் என்று சொன்னார். வெளியே நாய், ஆடு என்று கூட்டம் நின்றது, அதற்குமேல் எதுவும் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும்போது முதுகில் ஒட்டகத் திமில் போல ஒரு வீக்கம். ராத்திரி பார்த்தால் அது முதுகில் இல்லை, இடது முன்னங்கால் பக்கம் இறங்கி முழங்கை வரைக்கும் தளதளவென்று தொங்குகிறது. ஊசி போட்ட இடத்தில் முடி நனைந்து லேசாகச் சிவந்த தண்ணீர் கசிந்திருந்தது. அவள் பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், கூப்பிட்டால் வருவதில்லை. மீன் வைத்தால் கிட்ட வந்து மோந்து பார்த்து, நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே திரும்பிப் போகிறாள்.

என் அத்தை, அதாவது மாமியார், நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவிக் காலை உருவிவிட்டால் வீக்கம் வடியும் என்கிறார். பக்கத்து வீட்டில் வலியாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் சிரப்பில் ரெண்டு சொட்டு ஊற்று என்கிறார்கள். எனக்கு எதையும் செய்யப் பயமாக இருக்கிறது. இந்த வீக்கம் எவ்வளவு நேரம் இருக்கலாம்? எதைப் பார்த்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்? சாப்பிட வைக்க என்ன செய்வது? வெயில் வேறு இப்படிக் கொளுத்துகிறது, மேல்மாடி வீடு. வயதான பூனையைச் சலைன் போட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.


திருநகர் அக்கா எழுதியது:

முதலில் அந்தக் காய்ச்சல் சிரப்பைக் கொடுக்காதே தங்கச்சி. அதில் இருப்பது பாராசிட்டமால். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கிற சக்தி கிடையாது, கொஞ்சம் போனாலும் ரத்தம் கெட்டு மூச்சு முட்டி உயிரே போய்விடும். நாய்க்குக் கொடுத்தோம், பிள்ளைக்குக் கொடுத்தோம் என்று யார் சொன்னாலும் பூனைக்கு மட்டும் கூடவே கூடாது. மற்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான், சிறுநீரகம் பழுதான பூனைக்கு டாக்டர் எழுதாமல் ஒன்றும் வேண்டாம்.

இப்போது வீக்கத்துக்கு வருகிறேன். அது வீக்கமே இல்லை, ஏற்றின தண்ணீர்தான். தோலுக்கும் சதைக்கும் நடுவில் விடுகிறார்கள், அங்கே இடம் தளர்வாக இருக்கும், பூனை எழுந்து நடந்தவுடன் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். சில சமயம் தோள்பட்டையில் நிற்கும், சில சமயம் முன்னங்காலில் வந்து கால் தடித்தது போலத் தெரியும், என் பூனைக்கு நெஞ்சுக்குக் கீழே வந்து தொங்கும். பெரும்பாலும் ஆறேழு மணி நேரத்தில் குறையத் தொடங்கிவிடும், ஒருநாளுக்குள் முழுசாக வற்றிவிட வேண்டும். 24 மணி நேரம் கழிந்தும் அப்படியே நின்றால் டாக்டருக்குப் போன் பண்ணு. முந்தின தண்ணீர் வற்றாமல் அடுத்ததை ஏற்றவே கூடாது.

எண்ணெய் வேண்டாம் என்று உன் அத்தையிடம் பக்குவமாகச் சொல். பூனை உடம்பில் எதைத் தடவினாலும் அதை நக்கியே தீரும், ஏற்கெனவே குமட்டல் இருக்கிற பூனை எண்ணெயை நக்கினால் வாந்திதான் வரும். தைலம், கற்பூரம் கலந்தது எதுவும் கிட்டேயே போகக் கூடாது, பூனைக்கு அது விஷம். உருவிவிடுவதாலும் ஒன்றும் வேகமாக வடியாது, உள்ளே இழுத்துக்கொள்வது ரத்த ஓட்டத்தின் வேலை, அவளை அலட்டாமல் விட்டாலே போதும்.

முடி நனைந்தது, லேசாகச் சிவப்பாகக் கசிந்தது, ரெண்டும் சகஜம். ஊசி எடுத்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் வெளியே வரும், ஒரு பொட்டு ரத்தம் கலந்தால் மொத்தமும் சிவப்பாகத் தெரியும். அடுத்த முறை ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை இரண்டு விரலால் கிள்ளினாற்போல ஒரு நிமிஷம் பிடித்துக்கொள். தொட்டால் நொறநொறவென்று ஏதாவது தட்டுப்பட்டாலும் பதறாதே, குழாயில் இருந்த காற்று கொஞ்சம் தோலுக்கடியில் போயிருக்கும், தானாகப் போய்விடும். ஆனால் அந்த இடம் சூடாக இருந்தாலோ, தொட்டால் கத்தினாலோ, சீழ் மாதிரி வந்தாலோ அது வேறு விஷயம், காட்டிவிடு.

பீரோவுக்குப் பின்னால் இருக்கட்டும், இழுக்காதே. கிளினிக், ஆட்டோ, நாய்ச் சத்தம், ஊசி எல்லாம் சேர்ந்து அசந்துபோயிருப்பாள். பக்கத்திலேயே ஒரு கிண்ணம் தண்ணீர், மடித்த பருத்திச் சேலை, மணல் டப் மூன்றையும் வைத்துவிடு. மணல் டப் முக்கியம். அவ்வளவு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வழக்கத்தைவிட அதிகமாக மூத்திரம் போவாள், கால் தளர்ந்த வயதில் மொட்டைமாடி வரை நடக்கச் சொல்லக் கூடாது. விளிம்பு உயரமில்லாத டப்பாகப் பார், ஏறி இறங்கச் சிரமப்பட்டால் வெளியே போய்விடுவாள், அப்புறம் போனாளா இல்லையா என்றே நமக்குத் தெரியாது. ஒருநாள் முழுக்க மூத்திரமே போகவில்லை என்றால் காத்திருக்காதே.

சாப்பாட்டைப் பொறுத்தவரை என் கருத்து, முதலில் அவள் வயிற்றுக்குள் ஏதாவது போகட்டும். சிறுநீரக உணவு என்று கடையில் விற்பதை அவள் தொடவில்லை என்றால் அதையே வைத்துக்கொண்டு பட்டினி போடாதே. கோழி வேகவைத்த தண்ணீர், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல், கொஞ்சம் சூடாக வை, மணம் வந்தால்தான் வயதான பூனைக்குப் பசி வரும். கருவாடு மட்டும் வேண்டாம். எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் அந்த உப்பு இனி அவளுக்கு ஆகாது.


மேலூர்க்காரன் எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், மூச்சை எண்ணுங்கள். தூங்கும்போது நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று, அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முப்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. முப்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், வயிறு இழுத்து மூச்சு விட்டால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், ராத்திரி எத்தனை மணியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால் எங்கள் கருப்பனுக்கு இதயத்தில் கோளாறு இருந்தது, வெளியில் ஒரு அறிகுறியும் கிடையாது, நன்றாகத் தின்று நன்றாகத் திரிந்தான். சலைன் ஏற்றின மறுநாள் தூக்கத்தில் மூச்சு வேகமாகிவிட்டது. எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது, இல்லாவிட்டால் தூங்குகிறான் என்று விட்டிருப்போம். உடனே கொண்டுபோனதில் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று நீர் இறங்குவதற்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அதற்கப்புறம் அவனுக்கு ஏற்றும் அளவைக் குறைத்துவிட்டார்கள். வெள்ளச்சிக்கு இதயத்தைச் சோதித்தார்களா, முணுமுணுப்புச் சத்தம் ஏதும் கேட்டதா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, எண்ணுவதற்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. கண்டதையும் கொடுத்துப் பழக்கினால் அப்புறம் சிறுநீரக உணவுக்கு மாறவே மாட்டார்கள், இப்போதே ஆரம்பிப்பது நல்லது.


தேனி கால்நடை டாக்டர் எழுதியது:

பூனையை நேரில் பார்க்காமல் மருந்தோ அளவோ சொல்வது முறையில்லை, அது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. பொதுவாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

நல்ல சிறுநீரகம் தண்ணீரை உடம்புக்குள் திருப்பி எடுத்துக்கொண்டு மூத்திரத்தைக் கெட்டியாக வெளியேற்றும். பூனைக்கு அந்தத் திறமை ரொம்ப அதிகம். அது கெட்டுப்போனால் மூத்திரம் தண்ணீராகப் போகும், எவ்வளவு குடித்தாலும் ஈடுகட்ட முடியாது, உடம்பு உள்ளுக்குள் வற்றும். வற்றினால் குமட்டல், மலச்சிக்கல், சோர்வு, எல்லாம் அதைத் தொடர்ந்து வரும். தோலுக்கடியில் ஏற்றுவது அந்த வறட்சியைத்தான் சரிசெய்கிறது. போன சிறுநீரகத் திசுவை அது திருப்பித் தராது, அதனால் கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அவள் தின்கிறாளா, நடமாடுகிறாளா, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்கிறாளா என்று பாருங்கள்.

இன்னொன்று. கிரியாட்டினின் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்கு. 4.1 என்பது கணக்குப்படி மூன்றுதான். ஆனால் உடம்பு வற்றியிருக்கும்போது எடுத்த ரத்தத்தில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நீர்ச்சத்து சரியாகி உடம்பு நிதானத்துக்கு வந்த பிறகு மறுபடி எடுத்துத்தான் நிலையை முடிவு செய்ய வேண்டும். அதனால் இப்போதே மனதைத் தளரவிடாதீர்கள். மறுபடி எடுக்கும்போது பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் குறைந்தால் பூனை தலையைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டபடி நடக்கும். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், 160-க்கு மேல் போனால் மருந்து தேவைப்படலாம், 180-ஐத் தாண்டினால் கண்ணுக்கு ஆபத்து. கண்மணி விரிந்தபடியே இருந்து சுவரில் முட்டிக்கொண்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். இந்த வயதில் தைராய்டும் பார்ப்பது நல்லது, அது அதிகமாகச் சுரந்தால் கிரியாட்டினினைக் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

மேலூர்க்காரர் சொன்ன மூச்சுக் கணக்கு மிகச் சரி. பூனைகளில் இதயத் தசை தடிப்பதுதான் அதிகம் காணப்படும் இதய நோய், அது வெளியே தெரியாமலே இருக்கும். ஆர்.எல் என்பது வெறும் தண்ணீர் இல்லை, லிட்டருக்கு 130 மில்லி ஈக்விவலன்ட் (உப்புச்சத்தை அளக்கும் அலகு) சோடியம் இருக்கிறது, நார்மல் சலைனில் 154. இவ்வளவு உப்பையும் நீரையும் தாங்க இதயம் நன்றாக இருக்க வேண்டும். அதனால் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல், இன்று சோர்வாக இருக்கிறாளே என்று கூடுதலாக ஏற்றக் கூடாது. வாய்வழியாக எவ்வளவு தண்ணீர் போகிறதோ அவ்வளவு நல்லது, ஈரமான உணவாகக் கொடுங்கள், கிண்ணங்களை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பால் வேண்டாம், நிறையப் பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற நீரும் போய்விடும்.

உணவில் நீங்கள் இருவர் சொல்வதும் அந்தந்த நேரத்தில் சரி. சிறுநீரக உணவு உண்மையிலேயே பலன் தருகிறது, பாஸ்பரஸ் குறைவாக இருப்பதால். ஆனால் அதைத் தொடங்க வேண்டியது பூனை தெளிந்து பசியெடுத்த பிறகு. குமட்டும் நேரத்தில் புது உணவை வைத்தால் அந்த வாசனையே வயிற்றைப் புரட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு பிறகு எப்போதும் தொடாது. வாயைப் பிளந்து ஊட்டினாலும் அதே கதைதான். மோந்து பார்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு திரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பசியில்லாதது அல்ல, குமட்டல். அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, பசி தூண்டவும் மருந்து இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் முழுப்பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி நோயாகிவிடும், அதுவரை விடக் கூடாது.


புதூர் வெள்ளச்சி எழுதியது:

அக்கா, அண்ணே, டாக்டர், எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காலையில் எழுந்து பார்த்தால் கால் தொங்கல் முக்கால்வாசி வற்றியிருக்கிறது, மதியத்துக்குள் தோல் பழையபடி ஆகிவிட்டது. மூச்சு எண்ணினேன், 22 வந்தது, என் கணவரை விட்டும் எண்ணச் சொன்னேன், அவருக்கும் ஏறக்குறைய அதேதான். டப்பில் பெரிதாக ஈரம் இருந்தது. அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை அவராகவே எடுத்து வைத்துவிட்டார், இப்போது அவர்தான் பீரோ பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

டாக்டருக்குப் போன் பண்ணி உதட்டை நக்குவதைச் சொன்னேன், குமட்டலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது போட்டுக் கொஞ்ச நேரத்தில் கோழித் தண்ணீர் குடித்தாள், சதையையும் பிய்த்துப் போட்டதில் பாதி தின்றாள். இதயத்தில் சத்தம் ஏதும் கேட்கவில்லையாம், ஆனால் அடுத்த தடவை ரத்த அழுத்தம் பார்ப்பதாகச் சொன்னார்.

இனி வீட்டில் ஏற்றுவதைப் பற்றித்தான் யோசனை. ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் கத்துகிறாள், போய்வந்தால் ஒரு நாள் முழுக்க அசந்து கிடக்கிறாள். மதுரைச் சித்திரைத் திருவிழா வேறு நெருங்குகிறது, அழகரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை அன்றைக்கு எங்கள் புதூரிலிருந்து தல்லாகுளம் வரை வண்டி எதுவும் நகராது. கிளினிக்கில் ஒருமுறை சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாமான்கள் எங்கே வாங்குவது, என்னென்ன கேட்டு வாங்குவது?


மருந்துக்கடைத் தம்பி எழுதியது:

அக்கா, பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கடைகளில் எல்லாமே கிடைக்கும், மனுஷருக்குப் போடுகிற அதே பாட்டில்தான். நான் அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். கடையில் வந்து குளுக்கோஸ் பாட்டில் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் எல்லா டிரிப்பையும் அப்படித்தான் சொல்வோம், கூட்டத்தில் கடைக்காரர் நிஜமாகவே டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டால் வம்பு. சர்க்கரை கலந்ததைத் தோலுக்கடியில் விட்டால் அந்த இடம் புண்ணாகிக் கட்டி வரலாம். டாக்டர் சீட்டைக் காட்டி ஆர்.எல், அதாவது ரிங்கர் லாக்டேட் என்று கேளுங்கள், கையில் வாங்கியதும் பாட்டில் மேல் எழுதியிருப்பதை நீங்களே ஒருமுறை படியுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். டி.என்.எஸ் என்று போட்டிருந்தால் அதிலும் சர்க்கரை உண்டு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதோடு ஒரு ஐ.வி செட், அதாவது பாட்டிலில் மாட்டுகிற குழாய், ஊசிகள். ஊசி எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 18 என்றால் தடிமன், சீக்கிரம் ஏறிவிடும், 20 அல்லது 21 என்றால் மெல்லிசு, மெதுவாக ஏறும். எது என்று டாக்டர் சொல்வார். ஒவ்வொரு தடவையும் புது ஊசி, ஒருமுறை குத்தியதிலேயே முனை மழுங்கிவிடும், அடுத்ததில் அவளுக்கு வலிக்கும். 500 மில்லி பாட்டில் ஒரே தடவையில் தீராது, திறந்ததை எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கலங்கலாகவோ உள்ளே ஏதாவது மிதந்தோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

போட்ட ஊசியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் பிரிப்பார்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிவைத்து, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.


திருநகர் அக்கா எழுதியது:

தின்றாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வீட்டில் ஏற்றுவது பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஆனால் கிளினிக்கில் ஒருமுறை உன் கையாலேயே செய்து, அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வீட்டில் ஆரம்பிக்க வேண்டும்.

பாட்டிலை ஜன்னல் கம்பியில் உயரமாகக் கட்டு, எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாக இறங்கும், வேகமாக முடிந்தால் அவள் பொறுமையாக இருப்பாள். தொடங்குவதற்கு முன்னால் பாட்டிலில் தண்ணீர் நிற்கிற கோட்டையும், எங்கே நிறுத்த வேண்டுமோ அந்தக் கோட்டையும் பேனாவால் குறித்துவிடு, பூனையைப் பிடித்துக்கொண்டே கணக்குப் போட முடியாது. குழாயில் இருக்கும் காற்று போகும்வரை கொஞ்சம் ஓடவிடு. அவளை ஒரு அட்டைப் பெட்டியில் உனக்கு முதுகு காட்டி உட்காரவை. தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஊசியை உடம்புக்கு இணையாகச் செலுத்து, கீழ்நோக்கிக் குத்தாதே. முடி திடீரென்று நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், நிறுத்திவிட்டு வேறு ஊசி போட்டு வேறு இடத்தில் குத்து. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல் இடது வலது என்று மாற்று. அத்தை முன்னால் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டு பேசட்டும், அது பாதி வேலையை முடித்துவிடும்.

ஏற்றுகிற தண்ணீரின் சூடு முக்கியம். மார்கழியில் சில்லென்று இருக்கும், பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருக்க வேண்டும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் குளிர்ந்திருக்கும். இப்போது கத்திரி வெயிலில் நமக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. வாங்கிய பாட்டிலை வண்டிப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் நிறுத்திவிட்டால் கை வைக்க முடியாத அளவுக்குக் காய்ந்துவிடும். வெயில் காலத்திலும் மணிக்கட்டில் விட்டுப் பார்க்காமல் ஏற்றாதே.

மேல்மாடி என்றாய். மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை தளம் காய்கிற அறையில் அவளை விடாதே, கீழே குளிர்ந்த தரை இருக்கிற அறை, ஜன்னலுக்கு ஈரத் துணி, மின்விசிறி, அது போதும். ஏசி இருந்தால் ஏற்றி முடித்த உடனே அதற்கு நேராகப் படுக்கவைக்காதே, சதை வற்றின உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். சேலை மடிப்பு ஒரு இடத்தில், வெறும் தரை ஒரு இடத்தில், எது வேண்டுமோ அவளே தேர்ந்தெடுத்துக்கொள்வாள். ஏற்றுவதைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள், ஆனால் ரொம்ப ராத்திரி ஆக்காதே, ஏற்றி முடித்து இரண்டு மூன்று மணி நேரம் நீ விழித்திருந்து மூச்சைப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

எடை பார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. எப்போதும் ஏற்றுவதற்கு முன்னால் பார். ஏற்றின பிறகு பார்த்தால் 120 மில்லி அப்படியே 120 கிராமாகக் காட்டும், தேறிவிட்டாள் என்று நினைத்துவிடுவோம். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், சமையலறைத் தராசு தாங்காவிட்டால் ஆள் எடை பார்க்கிற தராசில் நீ அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நீ மட்டும் ஏறிக் கழித்துக்கொள், ஆனால் அந்தத் தராசு கிராம் கணக்கைக் காட்டுகிறதா என்று பார், சில தராசு அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் நகரும், அது உதவாது. எடை, மூச்சு, என்ன தின்றாள், மலம் போனாளா என்று ஒரு நோட்டில் எழுதிவா. இரண்டு நாளாக மலம் போகவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல், வறட்சியில் முதலில் இறுகுவது அதுதான். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போ, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதைப் பார்த்துத்தான் அவர் சொல்வார்.